தோப்பில் ஆமைக்கு இடம் கட்டும் முன்

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம். ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனின் பிறந்தநாளுக்காக ஒரு செல்லப்பிராணிக் கடையில் உள்ளங்கையளவு ஆமைக்குஞ்சு வாங்கினார்கள். "ஆப்பிரிக்க ஆமைங்க, சல்காட்டா. லைசென்ஸ் எதுவும் வேண்டாம், பெரிசா வளராது" என்றாராம் கடைக்காரர். முதல் இரண்டு வருடம் கண்ணாடித் தொட்டி, அப்புறம் மொட்டை மாடி. இப்போது எடை 7 கிலோ. முதுகு ஓடு வழவழப்பாக இல்லாமல் குன்று குன்றாக எழும்பியிருக்கிறது. சாப்பாடு முட்டைக்கோஸ், தக்காளி, கேரட், சில நாள் தயிர்சாதம், சத்துக்காக நாய் பிஸ்கட். வாரம் ஒருமுறை ஓட்டுக்குத் தேங்காய் எண்ணெய்.

மாடியில் பூந்தொட்டிகளை முட்டி உடைக்கத் தொடங்கியதும், வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் எட்டடிக்கு ஆறடி சிமென்ட் தளம் போட்டு, சுற்றிக் கம்பிவலை அடித்து, நடுவில் சின்னக் குளம் கட்ட முடிவு செய்து கொத்தனாரிடமும் பேசிவிட்டார்கள். இதற்கிடையே ஆறு மாதத்துக்கு முன் உறவினர் ஒருவர், தன் காட்டில் கிடைத்ததாக ஒரு சிறிய நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஜோடி சேருமா என்று மகன் கேட்கிறான். மாமியாரோ "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார். "இடம் எப்படிக் கட்டுவது என்று சொல்லுங்கள் டாக்டர். வீட்டில் சண்டை முற்றினால் கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது இடம் கட்டுவதைப் பற்றி. ஆனால் கடிதத்தின் நடுவே இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போனீர்களே, அந்த நட்சத்திர ஆமையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கொத்தனார் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

நட்சத்திர ஆமையை இன்றே பிரியுங்கள்

அது நம் மண்ணின் காட்டுயிர். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் முள்காடுகளிலும் வயலோரங்களிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிறது. முதுகிலிருக்கும் மஞ்சள் நட்சத்திரக் கோலத்துக்காகவே கடத்திக் கடத்திக் குறைத்துவிட்டார்கள். அதனால் 2019-ல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோது இங்கேயும் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. வீட்டில் வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்று சட்டம் சொல்கிறது. விலைக்கு வாங்கவில்லை, பாசமாகத்தான் வளர்க்கிறோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆமைகளுக்கு வைத்தியம் கேட்டு வருபவர்களிடம் சட்டத்தின் 39-வது பிரிவைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. காட்டுயிர் ஒன்று எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு என்றோ தாண்டிவிட்டது. அதற்காக இன்னும் தள்ளிப்போடுவதில் லாபம் ஒன்றுமில்லை. யாரோ புகார் கொடுத்து வனத்துறையினர் வருவதற்கும், நீங்களாகவே எடுத்துக்கொண்டு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. யார் கொடுத்தார், எப்போது, எந்த ஊர்க் காட்டில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெரிந்த வக்கீலை அழைத்துச் செல்லுங்கள். கொடுத்த உறவினரும் கூட வருவது நல்லது. இடம் சொல்ல அவர்தான் வேண்டும்.

சத்தமில்லாமல் அதே காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஆறு மாதம் அது ஓர் ஆப்பிரிக்க ஆமையுடன் ஒரே தட்டில் தின்று, ஒரே தண்ணீரைக் குடித்திருக்கிறது. மைக்கோபிளாஸ்மா, ஹெர்பெஸ் போன்ற கிருமிகளும் குடல் புழுக்களும் வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் ஆமைக்குள் இருந்துவிடும். அதைக் காட்டில் விட்டால் அங்கிருக்கும் மற்ற ஆமைகளுக்கும் போகும். வனத்துறையிடம் கொடுக்கும்போது "சல்காட்டாவுடன் சேர்ந்து இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். தனியே வைத்துக் கவனிக்க அவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும். அதுவரை தனிப் பெட்டி, தனித் தண்ணீர்த் தட்டு. ஒன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் இன்னொன்றைத் தொடாதீர்கள்.

இரண்டும் வேறு வேறு இனம். ஜோடி சேராது என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். பெரியது சின்னதை மிதித்து நசுக்காமல் ஆறு மாதம் போனதே பெரிய விஷயம். மாமியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம்: அமீனா வருவதென்றால் இந்த ஆமையால்தான் வர வேண்டும், அதையும் ஒப்படைத்தாயிற்று என்று.

இது எவ்வளவு பெரிதாகும்?

கடைக்காரர் சொன்ன இரண்டுமே தப்பு. சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட பட்டையில் வாழ்வது சல்காட்டா. கலாபகஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பெரிய நிலத்தாமை இதுதான். ஆண் 40, 50 கிலோ வரை போவது சாதாரணம். அதற்கு மேல் போனவையும் உண்டு. உங்கள் ஆமைக்கு இப்போதுதான் பள்ளிக்கூடம் சேரும் வயசு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருக்கும். உங்கள் மகன் பணி ஓய்வு பெறும் வயதிலும் இது புல் மேய்ந்துகொண்டிருக்கலாம். அவன் படிக்க, வேலைக்கு என்று வெளியூர் போனால் யார் பார்ப்பது, பத்து வருடம் கழித்து இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பிராணியை வண்டியில் ஏற்றுவது யார் என்றெல்லாம் சிமென்ட் மூட்டை வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். முடியாது என்று தோன்றினால் அதையும் இப்போதே சொல்லிவிடுவது ஆமைக்கு நல்லது. ஏழு கிலோ ஆமைக்கு வீடு தேடுவது எளிது, நாற்பது கிலோ ஆமைக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

கோயில் குளம் மட்டும் வேண்டவே வேண்டாம். குளத்தில் நீந்தும் ஆமை வேறு, இது வேறு. தூண் மாதிரி கால், பாரமான ஓடு, நீந்தவே தெரியாது. படியில் சறுக்கினால் நேராக அடிக்குப் போய் மூச்சு முட்டிச் செத்துவிடும். வேறொருவருக்குக் கொடுப்பதானால் இடமும் பதிவும் உள்ளவருக்கு, எழுத்துமூலமாக மட்டும் கொடுங்கள்.

பதிவு என்றதும் கேட்பீர்கள், லைசென்ஸ் வேண்டாம் என்றாரே என்று. சல்காட்டா சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், திருத்திய சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம், புதிதாக வாங்குபவர்களுக்கு 30 நாள். கைமாறினாலும் குட்டி பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். உங்கள் அவகாசமும் முடிந்திருக்கும். நட்சத்திர ஆமைக்காக வனத்துறைக்குப் போகும் நாளிலேயே இதையும் கேட்டு, என்ன செய்ய வேண்டுமோ செய்துவிடுங்கள். கடை பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், பழைய போட்டோ எல்லாம் உதவும்.

எட்டுக்கு ஆறு போதாது

சரி, வைத்துக்கொள்வதென்று முடிவாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். தோப்பு இருப்பது பெரிய வசதி. சென்னையில் பால்கனியில் இந்த ஆமையை வைத்துக்கொண்டு தவிப்பவர்களை நினைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். வளர்ந்த ஆமைக்கு என் கணக்கில் குறைந்தது ஒரு சென்ட். இருபதுக்கு இருபது அடிக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு சென்ட் ஒதுக்க முடிந்தால் புல்லும் மிஞ்சும். தென்னை மரத்தடியிலேயே அமைக்காதீர்கள். முற்றிய தேங்காய் ஒன்று விழுந்தால் ஓடு பிளந்துவிடும். ஓடு என்பது மேலே போட்ட சட்டை அல்ல, முதுகெலும்பும் விலாவும் சேர்ந்தே ஓடாக ஆகியிருக்கின்றன. மரத்துக்கு மருந்து வைக்கும் இடம், எலி பாஷாணம் வைக்கும் இடம், செப்டிக் டேங்க் ஓரம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

சிமென்ட் தளம் வேண்டாம். வெயிலில் கொதிக்கும், காலின் அடியைத் தேய்க்கும், முக்கியமாகத் தோண்ட முடியாது. சல்காட்டாவின் உயிர்நாடியே தோண்டுவதுதான். அதன் ஊரில் கொளுத்தும் பகலை நீளமான வளைக்குள் கழித்துவிட்டு, காலையிலும் மாலையிலும்தான் மேயும். தரை மண்ணாகவே இருக்கட்டும். தோண்டுவதற்கென்று ஒரு மூலையில் மேடு கட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேதான் வேலையை வைத்துக்கொள்ளும். வீட்டு அஸ்திவாரத்தின் பக்கம் மட்டும் அந்த மேடு வேண்டாம்.

கம்பிவலையும் வேண்டாம். வெளியே பார்க்க முடிந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். மூக்கு உரிந்து ரத்தம் வரும், காலோ தலையோ வலையில் மாட்டும். இரண்டடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் போதும். மண்ணுக்குள் இன்னும் இரண்டடி இறக்குங்கள். மூலைகளில்தான் ஏறப் பார்க்கும், ஏறும்போது மல்லாந்து விழும். வெயிலில் மல்லாந்து கிடந்தால் ஓரிரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே மூலைகளைச் சாய்த்து வளைவாகக் கட்டச் சொல்லுங்கள். வாசலுக்கு மூடிய பலகைக் கதவு. தெரு நாய்கள் நுழையும் இடமென்றால் சுவருக்கு மேல் வலை அடித்துக்கொள்ளலாம், அங்கே அதற்கு வேலை உண்டு. நாய் கடித்துக் குதறிய ஓட்டைத் தைத்துச் சேர்ப்பது மாதக்கணக்கில் இழுக்கும் வைத்தியம். ராத்திரியில் பெருச்சாளியும் காலைக் கடிக்கும்.

குளத்துக்குப் பதிலாக, ஆமை தானே ஏறி இறங்கும்படி சரிவான ஓரத்துடன், அதன் தாடை வரை மட்டுமே தண்ணீர் நிற்கும் தட்டுப்பள்ளம் போதும். குடித்த கையோடு அதிலேயே கழிக்கும், தினமும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது ஒரு நொடி பாருங்கள். சிறுநீரோடு வரும் வெள்ளைப் பொருள் நனைந்த சுண்ணாம்பு போலக் குழைவாக இருந்தால் சரி. விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறவென்றால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரவுக் குடில்தான் உங்கள் பக்கத்தில் ரொம்ப முக்கியம். எல்லாரும் மார்கழிக் குளிரை நினைத்துப் பயப்படுகிறார்கள். உங்கள் ஊரில் நான் பயப்படுவது ஆனி, ஆடிச் சாரலுக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வாரக்கணக்கில் வீசும், வெயிலே தலைகாட்டாது. வறண்ட குளிரைக்கூட இந்த ஆமை ஓரளவு தாங்கிவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூக்கு ஒழுகி, சளி நெஞ்சுக்கு இறங்கிவிடும். அரையடி மேடை போட்டு, மேலே மண் பரப்பி, ஐந்தடிக்கு ஐந்தடி குடில். கூரை ஓடாகவோ கீற்றாகவோ இருக்கலாம், தகரம் வேண்டாம். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் உள்ளே செராமிக் ஹீட்டர் வையுங்கள். கீற்றுக் கூரை என்றால் கம்பிக்கூண்டுக்குள் வைத்து, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மாட்டி, கூரையிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். குளிர்காலத்தில் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் உறக்கத்துக்குப் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். குளிர்கால நீளுறக்கம் வேறு சில ஆமைகளுக்கு உண்டு, சல்காட்டாவுக்குக் கிடையாது. அது உடம்பு சரியில்லை என்று பொருள்.

ஓடும் சாப்பாடும்

மேடு மேடான ஓடு பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தில் ஈரப்பதம் இல்லாமல் வளர்ந்ததால் வருவது. சல்காட்டா குஞ்சுகளை வைத்தே செய்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், புரதம் கூடுவதைவிட வறண்ட காற்றுதான் இதற்குப் பெரிய காரணம் என்று தெரிந்தது. கூடவே உங்கள் ஆமைக்குச் சுண்ணாம்புச் சத்தும், வெயிலால் கிடைக்கும் வைட்டமின் டி-யும் குறைந்திருக்கலாம். ஜன்னல் வழியே தொட்டிக்கு வெயில் வந்ததே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமைக்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். எழும்பிய மேடு இனி இறங்காது. இப்போதிலிருந்து வளரும் பாகம் சமமாக வரும், அது போதும். எண்ணெயை நிறுத்திவிடுங்கள். தூசியும் பூஞ்சையும் ஒட்டிக்கொள்வதைத் தவிர அதனால் வேறு பயனில்லை.

சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல். மாட்டுக்கு என்ன போடுவீர்களோ அதைப் போடுங்கள் என்றே சொல்வேன், தவிடு, புண்ணாக்கு மட்டும் நீங்கலாக. காங்கேயம் கொரங்காட்டில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் விளைவதுதான். விதை வாங்கி இப்போதே தூவிவிட்டால் இடம் தயாராகும்போது மேய்ச்சலும் தயார். அருகம்புல், இளசான கோ-4 தீவனப்புல், மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, அளவாக முருங்கைக்கீரை. சோறு, தயிர், நாய் பிஸ்கட் அடியோடு வேண்டாம், சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். பழமும் தக்காளியும் குடலில் புளித்துப் பேதியாக்கும். முட்டைக்கோஸும் பாலக்கும் என்றைக்காவது ஒரு வாய், அன்றாடம் கூடாது. திடீரென்று மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழைய சாப்பாட்டோடு புல்லைப் பொடியாக நறுக்கிக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறையுங்கள். சுவருக்குள்ளும் சுவரோரத்திலும் அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அரளி நம் வீடுகளில் வேலிக்கென்றே வைப்பது. அதைப் பிடுங்குவதில் மாமியாரோடு இன்னொரு வாக்குவாதம் வரலாம், பூசைக்கு வேறு பூச்செடி வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

துணைக்கு இன்னொன்று வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. இது தனியாக வாழும் பிராணி. இரண்டும் ஆணாகிப் போனால் கழுத்துக்குக் கீழே நீண்டிருக்கும் கொம்பு மாதிரி ஓட்டால் முட்டி ஒன்றையொன்று கவிழ்த்துவிடும். பெண்ணாக இருந்தால் ஒரே ஈட்டில் 20, 30 முட்டை. அத்தனையையும் பதிவு செய்து, இடம் தேடி நீங்கள் என்ன செய்வீர்கள்?

டாக்டரிடம் போகும்போது

இடம் மாற்றும் முன் ஒருமுறை பரிசோதனை அவசியம். உங்களுக்கு உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம், நாமக்கல் கல்லூரிக்கும் போகலாம். அன்று போட்ட எச்சத்தில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், புழு முட்டை பார்ப்பார்கள். எடையை மாதாமாதம் ஒரு நோட்டில் குறித்துவந்தால் அதையும் காட்டுங்கள். ஆமையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கைகழுவும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வேண்டும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையிடமும் நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இதனால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள். சின்னக் குழந்தைகள் வந்தால் முத்தம் கொடுக்க விடாதீர்கள். தட்டையும் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

அவசரத்துக்குப் பக்கத்து ஊர் டாக்டரிடம் போக நேர்ந்தால் ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் புழுவுக்கும் உண்ணிக்கும் சர்வசாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம், ஊசியாகவோ மருந்தாகவோ கொடுக்கக் கூடாது. வேறு ஊசி எதுவானாலும் முன்னங்காலில் போடச் சொல்லுங்கள். பின்னங்காலில் போட்டால் ரத்தம் சிறுநீரகம் வழியாகத் திரும்பும் அமைப்பினால் மருந்து வேலை செய்யும் முன்பே வெளியேறிவிடலாம், சில மருந்துகள் சிறுநீரகத்தையே பாதிக்கும். ஆமை பார்த்துப் பழக்கமில்லாத டாக்டராக இருந்தால் தயங்காமல் இந்தப் பத்தியை அப்படியே காட்டுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.